ஏல நாற்றுக்கு இரண்டாம் நாற்றங்கால்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கி ஏறும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அடிவாரத்தில் மாவும் இலவமும், இடைச்சரிவில் புதரும் காய்ந்த புல்லும், உச்சியில் மூடுபனியும் ஈரக்காற்றுமாக ஒரு மணி நேரப் பயணத்திற்குள் மூன்று விதச் சீதோஷ்ணங்களை இச்சாலையில் காணலாம். மெட்டைத் தாண்டியதும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என ஏலமலை விரிகிறது. மெட்டிற்கு இப்பால், தேனி மாவட்டத்துச் சரிவுகளிலும் காப்பியோடும் மிளகோடும் ஏலம் பயிராகிறது. இரு பக்கமும் விளையும் காயில் பெரும்பகுதி இதே சாலை வழியாக இறங்கிப் போடிச் சந்தைக்கு வந்து விலையாகிறது.

காயின் விலையைப் பற்றிப் பேசாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. காய்க்கும் செடி எங்கிருந்து வந்தது, நாற்றாக இருந்தபோது அது எவ்வாறு வளர்க்கப்பட்டது என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆனால் ஏலத் தோட்டத்தின் பல்லாண்டு வருமானம் நாற்றங்காலில் கழியும் அந்த ஒன்றரை ஆண்டிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பது நம் அபிப்பிராயம். குறிப்பாக, விதைப் பாத்தியிலிருந்து எடுத்த இளநாற்றை நேரே மலையில் ஊன்றிவிடாமல், இடையில் மற்றொரு நாற்றங்காலில் வைத்துத் தேற்றி, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, அதன் பின்னரே நடவேண்டும் என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதில் குடியானவர் அவசரப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. வரத்துக் குறைந்தது. 2019 ஆகஸ்டில் நடந்த ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் உச்ச விலையாக 7,000 ரூபாயைத் தொட்டது. விலை ஏறும்போது நாற்றுக்கும் கிராக்கி ஏறுவது இயல்பு. அப்போது நான்கு இலை விட்ட நாற்றும் விலைபோகும். நோய் கண்ட தூரிலிருந்து பிரித்த பக்கக்கன்றும் விலைபோகும். ஆனால் 2022-ஆம் ஆண்டு வந்தபோது சராசரி விலை கிலோவிற்கு 1,000 ரூபாயை ஒட்டியே நின்றது. விதையிட்டு நடவுக்கு ஆயத்தமாக ஒன்றரை ஆண்டு, நட்டபின் முதற்காய் காண இரண்டு மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட்டால், நாற்று வாங்கும் நாளின் விலைக்கும் காய் விற்கும் நாளின் விலைக்கும் தொடர்பே இராது. எனவே விலையைத் துரத்தி ஒரு பருவத்தை மிச்சப்படுத்த முயல்வதில் இலாபம் காண்பது அரிது. அவ்வாறு நட்ட இளநாற்றுக்கள் அடுத்த கோடையில் கருகி, மறு ஆண்டு மீண்டும் நட வேண்டி வருமாயின் மிச்சப்படுத்திய பருவமும் போயிற்று, கூலியும் போயிற்று.

ஏலம் இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம். மண்ணுக்குள் கிழங்கு படர்ந்து, அதிலிருந்து ஆண்டுதோறும் புதிய தட்டைகள் எழும்பித் தூர் கட்டும். காய்க்கும் சரங்கள் தட்டையின் அடியிலிருந்தே கிளம்பித் தரையை ஒட்டி நீளும். ஆகவே எத்தனை தட்டை, அத்தனை வருமானம் என்று கொள்ளலாம். இதன் வேர்களோ ஆழச் செல்வதில்லை. இலைச்சருகு மக்கிய மேல்மண்ணிலேயே பின்னிப் படரும். மேற்கு மலைத் தொடரின் சோலைகளில் பெருமரங்களின் நிழலில், ஈரம் மாறாத மண்ணில் தோன்றிய செடி இது. மேல்வேர், நிழல் விருப்பம், ஈர வேட்கை ஆகிய இம்மூன்று குணங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், நாற்றங்கால் வேலைகளின் காரணங்கள் தாமே விளங்கும்.

விதையும் முதற் பாத்தியும்

விதைக்கான காயை நல்ல விளைச்சல் தரும், நோயற்ற, முதிர்ந்த தூர்களைக் குறித்துவைத்து, இரண்டாம் அல்லது மூன்றாம் பறிப்பில் நன்கு பழுத்த காய்களாகத் தேர்ந்து எடுக்க வேண்டும். பழத்தைப் பிதுக்கி, விதையை மூடியிருக்கும் வழவழப்பான சவ்வு நீங்கத் தண்ணீரில் பலமுறை அலசி, மரச்சாம்பலில் புரட்டி, நிழலில் இரண்டு முதல் நான்கு நாள் உலர்த்தவும். வெயிலில் உலர்த்துவது கூடாது. ஏல விதைக்கு ஆயுள் குறைவு. அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்துவைத்தால் முளைப்பது சொற்பமே. விதையின் மேலோடு கடினமாதலால், ஆராய்ச்சி நிலையங்களில் 25 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 10 நிமிடம் வைத்து உடனே நன்றாகக் கழுவி விதைக்கின்றனர். முளைப்பு கூடுவது உண்மை. எனினும் கையுறையும் பழக்கமும் இல்லாதவர்கள் வீட்டில் அமிலத்தைக் கையாள்வது உசிதமன்று. புது விதையாக இருந்தால் அமிலமின்றியே போதிய நாற்று கிடைத்துவிடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை விதைப்புக் காலம். 1 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள மேட்டுப் பாத்தியை 20 சென்டிமீட்டர் உயரத்திற்கு அமைத்து, மேலே காட்டு மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி, வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேற்படாமல் விதைக்க வேண்டும். இவ்வளவு பாத்திக்கு 30 முதல் 50 கிராம் விதை போதும். வைக்கோல் அல்லது காய்ந்த புல்லால் மூடாக்கிட்டு, பூவாளியால் தினமும் நனைத்துவர, சுமார் 30 நாளில் முளை தலைகாட்டும். எல்லா விதையும் ஒன்றாக முளைக்கும் என்று எதிர்பார்த்தல் தவறு; மேலும் ஒரு மாதம் வரை முளைத்துக்கொண்டே இருக்கும். முளை கண்டதும் மூடாக்கை அகற்றிவிட்டுப் பந்தல் நிழலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதை நாற்றா, பக்கக்கன்றா என்ற கேள்வியும் இங்கே எழும். ஏலப்பூவில் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதால், ஒரே தூரின் விதையிலிருந்து வரும் நாற்றுக்களும் ஒன்றுபோல் இரா. தாய்ச்செடியின் குணத்தை அப்படியே பெற வேண்டுமானால் பக்கக்கன்றே வழி. ஏலமலையின் பெரும் பரப்பில் இன்று காணப்படும் ஞள்ளானி இரகம் இடுக்கி மாவட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் பெயரைத் தாங்கியது; குடியானவர் தம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து, பக்கக்கன்றாகவே பரவியது. ஆனால் பக்கக்கன்றுக்கு ஓர் ஆபத்து உண்டு. கட்டே என்னும் தேமல் நோய் விதை மூலம் பரவுவதில்லை. கன்று மூலம் தப்பாமல் பரவும். இளங்குருத்து இலையில் நரம்பை ஒட்டி வெளிறிய பச்சைக் கோடுகள் ஓடுவது இதன் அடையாளம். ஆதலால் கன்று எடுக்கும் தூரைக் குருத்துக் குருத்தாகப் பார்த்தே எடுக்க வேண்டும். எந்த வழியை மேற்கொண்டாலும், பின்வரும் இரண்டாம் நாற்றங்கால் வேலை இரண்டுக்கும் பொதுவானது.

பையில் ஓராண்டு

முதற் பாத்தியில் நாற்று மூன்று நான்கு இலை விட்டதும் நெருக்கடி தொடங்குகிறது. ஒன்றின் வேர் மற்றொன்றின் வேரோடு பின்னிக்கொள்ளும்; காற்றோட்டம் குறையும்; மழை பிடித்தால் அழுகல் நோய் பாத்தியோடு பரவும். நவம்பரில் விதைத்த நாற்று மே, ஜூன் மாதங்களில் இந்நிலையை அடைகிறது. அப்போது எதிரே தென்மேற்குப் பருவ மழை நிற்கிறது. குழியும் ஆயத்தமாக இருக்கிறது. நாற்றும் பசுமையாகக் காண்கிறது. அப்படியே கொண்டுபோய் நட்டுவிடலாமே என்ற ஆசை எழுவது இவ்விடத்தில்தான். மழைக்காலம் முழுதும் அந்நாற்று நன்றாகவே இருக்கும். டிசம்பரில் பனி இறங்கி, ஜனவரியில் வறண்ட காற்று கணவாய் வழியே வீசத் தொடங்கி, மார்ச்சில் மேல்மண் காயும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படும். ஒற்றைத் தட்டையும் கைப்பிடி வேரும் உள்ள செடிக்கு அந்த நான்கு மாதத்தைத் தாண்டச் சேமிப்பு ஏது? கிழங்கு பருத்திருந்தால், மேலே இலை கருகினாலும் அடுத்த மழையில் புதுக்குருத்து எழும்பும். நாற்று இன்னும் ஓராண்டு நாற்றங்காலில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது இந்தக் கிழங்குக்காகவே.

நாற்றைப் பாத்தியில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடுங்கி நடுவது பழைய முறை. இப்பொழுது பெரும்பாலோர் கைக்கொள்வது கருப்புப் பாலித்தீன் பை. 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவுள்ள பையின் அடிப்பகுதியில் மூன்று நான்கு துளைகள் இட்டு, காட்டு மேல்மண் மூன்று பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்து நிரப்ப வேண்டும். பைக்கு ஒரு நாற்று. பையில் வளர்ந்த நாற்றைத் தோட்டத்திற்குக் கொண்டுபோகும்போது வேர் அறுவதில்லை. மண்ணோடு இறங்குவதால் நட்ட இடத்தில் தயங்காமல் வளர்கிறது. மக்காத சாணத்தைக் கலக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அதனால் வேர்ப்புழுவை நாமே விலைகொடுத்து அழைத்தவர் ஆவோம்.

இடவசதி இல்லை என்று சிறு விவசாயிகள் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் நடுவதாயின் ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 450 செடிகள் வேண்டும். பைகளை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கினால், நடைபாதை நீங்கலாக, ஒரு சென்ட் நிலத்தில் இவ்வளவும் அடங்கிவிடும். ஒரு சென்ட் நிலமும், ஒரு பந்தலும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இருந்தால் ஓர் ஏக்கருக்கு வேண்டிய நாற்றைத் தாமே வளர்த்துக்கொள்ளலாம். போடியிலிருந்தும் தேவாரம், கோம்பைப் பக்கமிருந்தும் அன்றாடம் ஜீப்புகளில் மலையேறி வேலை பார்க்கும் பெண்கள் நாற்றுப் பிடுங்குவதிலும் பை நிரப்புவதிலும் கைதேர்ந்தவர்கள். மலையோரக் கிராமங்களின் மகளிர் குழுக்கள் இதைத் தம் தொழிலாகவே எடுத்துச் செய்வதற்கு இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: நாற்றங்கால் மலைமீதே அமைய வேண்டும். அடிவாரத்தின் வெப்பத்தில் ஏல நாற்றை வளர்க்க முயல்வது வீண் பிரயாசை. ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நட உத்தேசித்திருக்கும் தோட்டத்தின் சீதோஷ்ணத்தை ஒத்த இடமே ஏற்றது.

இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக ஓடும்; பக்கத்தில் தட்டை வெடிக்காது. வாங்குபவர் உயரத்தைப் பார்த்து மகிழ்வார். ஏல நாற்றின் தரத்துக்கு உயரம் அளவன்று. அடியில் எத்தனை தட்டை எழும்பியிருக்கிறது, கழுத்து எவ்வளவு பருத்திருக்கிறது, பையைக் கையில் எடுத்தால் மண் உதிராமல் வேர் பிடித்திருக்கிறதா என்பவற்றையே பார்க்க வேண்டும். மாறாக, வேர் பையின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தால், அந்நாற்று பையில் இருக்க வேண்டிய காலத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

நாற்றங்காலுக்கு அருகில் சேம்பு வளரவிடாதீர்கள். கட்டே நோயைப் பரப்பும் அசுவினிக்குச் சேம்பு முதலிய செடிகள் புகலிடம். பழைய ஏலத் தோட்டத்தின் நடுவிலேயே நாற்றங்கால் போடுவதும் இதே காரணத்தால் தவறு; தண்ணீர் வசதிக்காகப் பலர் அவ்வாறு செய்கின்றனர். மழைக் காலத்தில் நாற்று அடிசாய்ந்து, கழுத்து அழுகி விழுமாயின், மருந்தைத் தேடுமுன் வடிகாலையும் நிழலையும் கவனிக்க வேண்டும். பந்தலின் அடர்த்தியைக் குறைத்து, பைகளை அகற்றி வைத்து, அழுகிய நாற்றை மண்ணோடு அப்புறப்படுத்தினாலே பாதி நோய் அடங்கும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் பெருக்கிப் பை மண்ணில் கலந்து வைப்பது நல்ல முற்காப்பு. அதன்மேல் உடனே தாமிர மருந்தை ஊற்றினால் அப்பூஞ்சணமும் மடிந்துபோகும் என்பதால் இரண்டிற்கும் இடையே குறைந்தது இரு வாரமேனும் விட வேண்டும்.

வெயிலுக்குப் பழக்குதல்

நாற்றங்கால் வேலைகளுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது இதுவே. பந்தலின் கீழ் வளர்ந்த இலை மெல்லியது. அதன் மேற்றோல் தடித்திராது. தினமும் பூவாளித் தண்ணீர் கண்ட வேர் நீரைத் தேடி அலைந்து பழகியதில்லை. இத்தகைய நாற்றைத் திடீரென்று தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தால், மரநிழல் இருந்தாலும், மரக்கிளைகளின் இடைவெளியில் விழும் நேர் வெயிலில் இலை வெளுத்துக் கருகும். மழை நாளில் நட்டதனால் ஆபத்தில்லை என்று எண்ணுவதற்கில்லை. பருவமழையின் இடையே ஒரு வாரம் வானம் வெளுத்தாலும் போதும்.

எனவே நடவுக்கு ஒரு மாதத்திற்கு முன்பிருந்தே நாற்றைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். கோடை மழை இரண்டு மூன்று பெய்தபின், தழைப் பந்தலாயின் வாரத்திற்கு ஒருமுறை சிறிது தழையை உருவிவிடலாம். நிழல்வலையாயின் காலை 9 மணி வரையும் மாலை 4 மணிக்குப் பிறகும் வலையைச் சுருட்டி வைத்து, நாளடைவில் அந்நேரத்தை நீட்டலாம். தினமும் ஊற்றிய தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பின்னர் மேல்மண் வெளுத்த பிறகே ஊற்றுவது என்று மாற்ற வேண்டும். இக்காலத்தில் தழைச்சத்து உரம் இடுவதை நிறுத்திவிடுவது நல்லது. உரம் கண்ட இளங்குருத்து காற்றுக்கு முறியும், பூச்சிக்கும் இரையாகும். கடைசிப் பத்து நாட்கள் பைகளைத் தோட்டத்திற்கே கொண்டுசென்று, நடப்போகும் குழிகளுக்கு அருகில் மரநிழலில் வைத்திருந்தால் மிகவும் நலம். இலையின் கரும்பச்சை சற்று மங்கி, தொட்டால் விறைப்பாக இருப்பது நாற்று பழகிவிட்டதன் அறிகுறி. இந்நிறமாற்றத்தைக் கண்டு பசிநோய் என்று பயந்து மீண்டும் உரமிடுவோர் உண்டு. அவர்களிடம் நாற்று வாங்காதிருப்பது மேல்.

இவ்வாறு பழக்குவதன் தேவை முன்னிலும் இப்போது அதிகம். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நீடித்த வறட்சியாலும் வெப்பத்தாலும் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் பரவலாகக் காய்ந்துபோயின. முதிர்ந்த தூர்களே தாங்காத கோடையைப் பந்தலிலிருந்து இறங்கிய நாற்று எங்ஙனம் தாங்கும்? பெருமரங்களை வெட்டி வெளிச்சம் கூட்டிய தோட்டங்களில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. ஏலத்திற்குச் சுமார் பாதி நிழல் வேண்டும். நாற்றை எவ்வளவு பழக்கினாலும் அது வெட்டவெளிப் பயிராகிவிடாது.

நடவும் முதற் கோடையும்

60 சென்டிமீட்டர் நீள அகலமும் 35 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழிகளை ஏப்ரல், மே மாதங்களிலேயே எடுத்து, மேல்மண்ணும் மக்கிய உரமும் இட்டு நிரப்பிவைப்பது வழக்கம். ஜூனில் மழை பிடித்ததும் நடலாம். இது மெட்டிற்கு அப்பாலுள்ள மேற்குச் சரிவுக்குப் பொருந்தும் நாட்காட்டி. போடி பக்கத்துக் கிழக்குச் சரிவில் தென்மேற்குப் பருவம் வெறுஞ்சாரலோடு நின்றுவிடும் இடங்கள் பல உள. அவை வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருப்பவை. அங்கே மாதத்தைப் பார்த்து நடாமல் மண்ணைப் பார்த்து நடவேண்டும். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்காத குழியில் நாற்றை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பையிலேயே இன்னும் சில வாரம் வைத்திருப்பது விவேகம். இரண்டாம் நாற்றங்கால் தரும் பெரிய வசதியும் இதுவே: பாத்தி நாற்று காத்திராது; பை நாற்று காத்திருக்கும்.

பையை உருவாமல் பக்கவாட்டில் கிழித்து முற்றிலும் அகற்ற வேண்டும். அடிவேர் சுருண்டிருந்தால் அப்பகுதியை மட்டும் கத்தியால் நறுக்கிவிடலாம். கழுத்து மட்டத்திற்கு மேல் மண் ஏறலாகாது. ஆழ நட்டால் அழுகல் வரும். புதுத்தட்டை எழும்புவதும் தடைப்படும். காற்று அதிகமுள்ள மெட்டுச் சரிவுகளில் ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுவதை விட்டுவிடக் கூடாது. ஆடும் நாற்று வேர் பிடிப்பதில்லை. அடியைச் சுற்றி இலைச்சருகால் மூடாக்கிட்டு, கோடை முடியும் வரை அது குறையாதபடி நிரப்பி வரவேண்டும்.

நாற்று வாங்கியே தீர வேண்டியவர்கள், நறுமணப் பொருள் வாரியத்தின் சான்று பெற்ற நாற்றங்கால்களை நாடுவது நலம். வாரியத்தின் அலுவலகம் போடியிலேயே உள்ளது. மயிலாடும்பாறையில் 1978-இல் தொடங்கப்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், கீழ்ப்பழனி மலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் நாற்று வளர்ப்பு முறைகளை நேரில் கண்டறிய ஏற்ற இடங்கள்.

ஏக்கருக்கு 450 செடி வேண்டும் என்றால் 500 நாற்றாக வளர்த்து, மிகுதியைப் பந்தலிலேயே பராமரித்து வருவது நல்லது. முதற் கோடை கழிந்து மழை தொடங்கும்போது, போன இடங்களை அதே வயதுள்ள நாற்றால் நிரப்பிவிடலாம். அதற்குள் மிகுதி நாற்றுக்கள் தம் பைக்கு மிஞ்சி வளர்ந்திருக்கும். ஆகையால் கோடை தொடங்கும் முன்பே அவற்றைச் சற்றுப் பெரிய பைகளுக்கு மாற்றிவைக்க வேண்டும்.